சுமை தாங்கும் சைக்கிள்



சைக்கிள் வாங்கப் போகும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? வர்ணத்தைப் பார்க்கிறோம். பெல்லை அடித்துப் பார்க்கிறோம். டயரை விரலால் அழுத்திப் பார்க்கிறோம். மட்கார்டையும் கேரியரையும் மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. அவை சைக்கிளோடு சும்மா வருகிற சாமான்கள் என்பது நம் எண்ணம். புத்தகம் நனைந்த பிறகு, மூட்டை அவிழ்ந்து விழுந்த பிறகு, பிள்ளையின் குதிகால் சக்கரத்தில் மாட்டிய பிறகுதான் அவற்றின் அருமை நமக்குத் தெரிகிறது.

தோட்டத்திலும் தாமானிலும் இன்று மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது உண்மைதான். ஆனாலும் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும், கடைத்தெருவுக்குப் போகிற பெரியவருக்கும், செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவருக்கும் சைக்கிள்தான் இன்னமும் துணை. ஆகவே இந்த மாதம் மட்கார்டு, கேரியர், பை ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுவோம். மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றே: அழகைப் பார்த்து வாங்காதீர்கள்; ஏற்றப்போகும் சுமையைப் பார்த்து வாங்குங்கள்.

பேராக் கண்ட சைக்கிள்கள்

நம் மாநிலத்துச் சாலைகள் சைக்கிள் சுமையை நன்றாக அறிந்தவை. 1941 டிசம்பரில் படையெடுத்து வந்த ஜப்பானியர், டிவிஷன் ஒன்றுக்கு ஏறக்குறைய 6,000 சைக்கிள் என்ற கணக்கில் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியையும் மூட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த மாத இறுதிக்குள் ஈப்போவைக் கடந்து கம்பார் வரைக்கும் வந்துவிட்டார்கள். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்த இரும்புச் சத்தத்தைக் கேட்டு, டாங்கி வருகிறது என்று எதிரணியினர் மிரண்டதாகவும் சொல்வார்கள்.

பின்னர் 1948-இல் அவசரகாலம் வந்தது. 1951-இல் உணவுக் கட்டுப்பாடு கடுமையானபோது, பால் வெட்டப் போனவர்கள் சோற்றுப் பொட்டலத்தைக்கூடக் காட்டுக்குள் எடுத்துச் செல்ல முடியாத நிலை. கேட்டிலே ஆளையும் பையையும் சைக்கிளையும் சோதித்துத்தான் அனுப்பினார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில், கேரியரில் என்ன இருக்கிறது என்பதே உயிர் போகிற கேள்வியாக இருந்தது.

இன்று அந்தப் பயம் இல்லை. மழையும் பாரமும் இருட்டும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

மட்கார்டு

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பக்கம் பிற்பகல் மழை அதிகம். தைப்பிங் வட்டாரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; தீபகற்பத்திலேயே மழை மிகுந்த ஊர் அது. மட்கார்டு இல்லாத சைக்கிளில், பின் சக்கரம் அள்ளி வீசும் சேறு முதுகிலும் புத்தகப் பையிலும் அடிக்கிறது. முன் சக்கரம் வீசும் மணலோ நேரே செயினில் போய் விழுகிறது. மணல் ஏறிய செயின் அரம் போலப் பற்சக்கரத்தைத் தேய்த்துவிடும். மட்கார்டு உடையை மட்டும் காப்பதில்லை, செயினின் ஆயுளையும் காக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. 26 அங்குலச் சக்கரத்துக்குச் செய்த மட்கார்டு, பழைய 28 அங்குல வண்டிக்குப் பொருந்தாது. டயரைவிட இருபுறமும் கால் அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். செம்மண் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் சற்று இடைவெளி நல்லது. இல்லாவிட்டால் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரமே நின்றுவிடும். முன் மட்கார்டின் கீழ்நுனி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அது குட்டையாக இருந்தால், பழைய எண்ணெய்த் தோம்பின் தடித்த பிளாஸ்டிக்கிலே ஒரு துண்டு வெட்டி, இரண்டு சின்ன போல்ட் போட்டு நுனியில் தொங்கவிடுங்கள். செலவில்லாத வேலை, காலும் செயினும் நனையாது.

இரும்பு மட்கார்டு உறுதியானது, ஆனால் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் கிடந்தால் நாளடைவில் வெடிக்கும். துரு வெளியில் தெரிவதற்கு முன்னரே, சேறு ஒட்டியிருக்கும் உட்புறத்தில் தொடங்கிவிடுகிறது. ஆகவே சைக்கிள் கழுவும்போது மட்கார்டின் உட்பக்கத்தை மறவாமல் கழுவுங்கள். துரு கண்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காயவைத்து, துருத் தடுப்பு வர்ணம் பூசுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மட்கார்டைத் தாங்கும் கம்பிகள் தளர்ந்திருந்தால், ரப்பர்க் காட்டுச் சுள்ளியோ மட்டைத் துண்டோ சக்கரத்தோடு சுற்றிவந்து மட்கார்டை உள்ளே இழுத்துவிடும். முன் சக்கரத்தில் இப்படி நேர்ந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார். மட்கார்டு கடகடவென்று சத்தம் போடுவதை அலட்சியம் செய்யாதீர்கள். கம்பிக்கும் மட்கார்டுக்கும் நடுவே பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினால் சத்தமும் நிற்கும், நட்டும் கழலாது.

கேரியர்

கேரியரின் கால்கள் இருபுறமும் பின் அச்சுக்கருகில் வந்து பொருந்த வேண்டும். சீட்டுக் கம்பியில் மட்டும் கவ்விக்கொள்ளும் கேரியர், ஒரு பையும் சாப்பாட்டு டப்பாவும் வைக்கத்தான் உதவும். மூட்டை வைத்தால் அது பக்கவாட்டில் ஆடும்.

பல கேரியர்களில் எவ்வளவு தாங்கும் என்று முத்திரை போட்டிருப்பார்கள். சாதாரணமாக அது 25 கிலோ. 10 கிலோ அரிசிப் பை இரண்டு ஏற்றலாம். ஆனால் 14 கிலோ கேஸ் தோம்பு என்று நாம் சொல்வது உள்ளே இருக்கும் கேஸின் எடை மட்டுமே. தோம்பின் இரும்பையும் சேர்த்தால் 25 கிலோவைத் தாண்டிவிடும். அதைச் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். கடைக்காரரையே கொண்டுவந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

பாரமானதைத் தாழ்வாகவும் சீட்டை ஒட்டியும் வையுங்கள். பின்னால் தள்ளி வைத்தால், மேடு ஏறும்போது முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடிக்கு அடங்காது. முன் கூடையில் பாரம் மிகுந்தால் திருப்பத்தில் தடுமாறும். கட்டுவதற்கு, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டையைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் பட்டையின் முனை தொங்கக் கூடாது. சக்கரக் கம்பி அதை எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

ஒட்டுப்பால் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். பாலை உறைய வைக்கப் பயன்படும் பார்மிக் ஆசிட் இரும்பை அரிக்கும். ஒட்டுப்பாலிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் அது கலந்திருக்கும். கேரியரின் மேல் தடித்த பிளாஸ்டிக் விரித்து ஏற்றுங்கள். இறக்கியதும் கேரியர், ரிம், கம்பி எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். உர மூட்டை ஏற்றினாலும் இதையே செய்யுங்கள்.

பை

பிள்ளையின் புத்தகப் பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. பல பிள்ளைகள் அதற்கு மேல் தூக்குவதைப் பள்ளியில் நாள்தோறும் காண்கிறேன். முதுகில் பாரத்தோடு சைக்கிள் ஓட்டினால் உடம்பு மேலே கனத்து, லேசாகச் சாய்ந்தாலும் விழ நேரும். பையைக் கேரியரில் கிடத்திக் கட்டப் பழக்குங்கள். தோள்வார்களை உள்ளே மடித்துவிட வேண்டும். புத்தகங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, அதன் பிறகு புத்தகப் பைக்குள் வைத்தால் எந்த மழைக்கும் அஞ்ச வேண்டாம்.

கேரியரின் இருபக்கமும் தொங்கும் பை வாங்குகிறவர்கள், கடையிலேயே பெடலை ஒரு சுற்று மிதித்துப் பாருங்கள். குதிகால் பையில் இடித்தால் அந்தப் பை வேண்டாம். இருபக்கமும் எடை சமமாக இருக்கட்டும்.

மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் மருந்துச் சாமானுக்கு ஒரு பை, சாப்பாட்டுக்கு ஒரு பை என்று கண்டிப்பாகப் பிரித்துவிட வேண்டும். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற மருந்துகளும் நஞ்சுதான். மருந்து வந்த தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடிப்பதோ, மருந்துப் பையில் பிள்ளைக்குப் பலகாரம் வாங்கி வருவதோ கூடவே கூடாது.

பிள்ளையை ஏற்றும்போது

சின்னப் பிள்ளைகளைக் கேரியரில் உட்கார வைத்துப் போகும்போது நேரும் விபத்துகளில் கொடியது, கால் சக்கரக் கம்பிக்குள் போவது. ஒரு நொடியில் குதிகால் தோல் உரிந்துவிடும். எலும்பு முறிவதும் உண்டு. முதுகுச் சாய்வும் கால் வைக்கும் மிதியும் உள்ள குழந்தை இருக்கையைப் பொருத்துங்கள். சக்கரத்தின் இருபக்கமும் வலையோ தகடோ போடுங்கள். சேலை, துப்பட்டா, கைலி கட்டும் பெண்களுக்கும் அந்த வலை காவல்.

இருட்டில்

இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்புக் காலத்தில், பின் மட்கார்டின் நுனியில் வெள்ளை வர்ணம் பூச வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் போட்டார்கள். பழைய ராலே, ஹம்பர் வண்டிகளில் அந்த வெள்ளைப் பட்டையைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். விடியுமுன் வேலைக்குப் போகிற நமக்கு அது இன்றைக்கும் பொருந்தும். வெள்ளை வர்ணத்தோடு சிவப்புப் பிரதிபலிப்பானும் விளக்கும் இருக்கட்டும். மூட்டை கட்டிய பிறகு பத்தடி பின்னால் நின்று பாருங்கள். மூட்டை அவற்றை மறைத்தால், பின்னால் வரும் செம்பனை லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

வளரும் பையன்களுக்கு

மட்கார்டைக் கழற்றி, கேரியரைக் கழற்றி, பிரேக்கையும் கழற்றி ஓட்டுவது வீரம் என்று சில பையன்கள் நினைக்கிறார்கள். ‘பாசிக்கால் லாஜாக்’ என்கிறார்கள். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி அதிகாலை ஜோகூர் பாருவில் அத்தகைய சைக்கிள்களில் சாலைக்கு வந்த பையன்கள் மீது கார் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். எல்லாரும் பள்ளி செல்லும் வயதினர். பெற்றோரே, உங்கள் பையனின் சைக்கிளிலிருந்து மட்கார்டு காணாமல் போனால், "எங்கே?" என்று அன்றைக்கே கேளுங்கள். முதலில் கழல்வது மட்கார்டு. அடுத்தது பிரேக்காக இருக்கலாம்.

மாதம் ஒரு நாள்

சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு ஸ்பானர், ஒரு துணி, கொஞ்சம் எண்ணெய் போதும். மட்கார்டுக் கம்பி, கேரியரின் நான்கு போல்ட், பையின் தையல் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். கேரியரின் கீழ் போல்ட்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அதற்கு ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். எண்ணெய் ரிம்மில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் பிரேக் பிடிக்காது. பத்து வயதுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்பானரைக் கையில் கொடுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைக்கும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். பிள்ளையின் சைக்கிளுக்கு அந்த அச்சாணி, சில காசு விலையுள்ள ஒரு போல்ட்தான். வரும் ஞாயிறன்று அதை இறுக்கிவிடுங்கள்.

அடுத்த மாதம் சைக்கிள் பிரேக்கைப் பற்றிப் பார்ப்போம்.