அவையஞ்சாமை போதும்

தென்காசி வட்டாரத்தில் அச்சாகும் ஏதேனும் ஒரு நூல் வெளியீட்டு அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, அறிமுகவுரை, சிறப்புரை என்று நீண்டு, ஏற்புரைக்கு நூலாசிரியர் எழும்போது அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாகியிருக்கும். மேடையில் இருப்போரில் பெரும்பாலோர் சொல்வதற்கு ஒன்று இருப்பதால் எழுவதில்லை; அழைப்பிதழில் பெயர் இருப்பதால் எழுகிறார்கள்.

திருக்குறளில் அவையறிதல் 72ஆவது அதிகாரம், அவையஞ்சாமை 73ஆவது. அறிதல் முதலில், அஞ்சாமை பிறகு. நாமோ முதலாவதைத் தாண்டிக் குதித்துவிட்டோம். பள்ளிப் பேச்சுப்போட்டி தொடங்கிப் பட்டிமன்றம் வரை நாம் பழக்குவது அஞ்சாமையை மட்டுமே. எப்போது எழாமல் இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் பயிற்சியே இல்லை.

அந்தப் பயிற்சியை மூன்றரை நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸின் முயற்சியால் உருவான குவேக்கர்கள். 1928இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, பின்னாளில் கோத்தகிரியில் வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் இம்மரபில் இணைந்தவர்தான். அவர்களுடைய மரபான வழிபாட்டில் குருவும் இல்லை, மேடையும் இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளே உந்துதல் எழுந்தவர் எழுந்து சில சொற்கள் பேசலாம். அதற்கு முன் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த உந்துதல் எங்கிருந்து வருகிறது, என் அகந்தையிலிருந்தா? இது எனக்கு மட்டுமானதா, கூட்டத்துக்கு உரியதா? சொல்ல வேண்டியது இன்றா, இன்னொரு நாளா? ஒருவர் பேசி அமர்ந்ததும் மீண்டும் மௌனம். மறுப்பதற்கென்று யாரும் எழுவதில்லை.

இது மதத்துக்குச் சரி, இலக்கியத்துக்கு எதற்கு என்பார்கள். குற்றாலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் இப்படிக் கேட்கலாகாது. ரசிகமணி டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டு வட்டத்தொட்டியையும், குற்றாலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவரோடு கூடியிருந்ததையும் சொல்லிப் பெருமை கொள்ளாத மேடை இங்கே அரிது. டி.கே.சி. மௌனி அல்லர், மணிக்கணக்கில் பேசியவர். கம்பனின் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கியது கடுமையான கண்டனத்துக்கும் உள்ளாயிற்று. ஆனால் அவர் பேச்சின் நடுவே எப்போதும் ஒரு பாட்டு இருந்தது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் காதில் அதன் தாளம் விழச் செய்தார். பாட்டுக்கு இடம் விட்ட பேச்சு அது. 1954இல் அவர் மறைந்தபின் நாம் வைத்துக்கொண்டது பேச்சை மட்டுமே, பாட்டைக் கைவிட்டோம்.

இன்னொரு மறுப்பு நியாயமானது. காலங்காலமாக வாயடைக்கப்பட்டவர்களிடம் போய் மௌனத்தைப் போதிப்பதா? இல்லை. நம் கூட்டங்களில் இப்போதும் மௌனம் இருக்கிறது. அது கடைசி வரிசைக்கு மட்டும் விதிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கோளாறு. குவேக்கர் மௌனம் மூத்தவரையும் கட்டுப்படுத்தும். எளியவரையும் எழ அனுமதிக்கும். பெண்கள் அங்கே தொடக்க காலத்திலிருந்தே பேசிவந்திருக்கிறார்கள். உந்துதல் உண்மையாக இருந்தும் அஞ்சி அமர்ந்திருப்பதையும் அவர்கள் குறையாகவே கருதுகிறார்கள். எனவே, அடங்கிக் கிடக்கச் சொல்லும் மௌனமன்று அது. பேச வேண்டியவர் பேசுவதற்காக மற்றவர்கள் விட்டுக்கொடுக்கும் இடம்.

அடுத்த சாரல் காலத்தில் ஒரே ஒரு கூட்டத்தையாவது இப்படி நடத்திப் பார்க்கலாம். அழைப்பிதழில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டும் இருக்கட்டும். நூலிலிருந்து நான்கு பக்கங்களை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். பிறகு ஐந்து நிமிடம் எவரும் வாய் திறக்க வேண்டாம். அதன்பின்னும் சொல்லாமல் இருக்க முடியாதவர், எந்த வரிசையில் இருந்தாலும், எழட்டும். ஒருவரும் எழவில்லையென்றால் குறையொன்றுமில்லை, நூல் வாசிக்கப்பட்டிருக்கும்.