லாபக் கணக்கில் விடுபட்டவர்கள்

பல ஆண்டு நஷ்டத்துக்குப் பின், 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பி.எஸ்.என்.எல். 262 கோடி ரூபாய் லாபம் காட்டியது. மகிழ்ச்சிதான். அந்தப் பணம் எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டாமா?

ஒரு காலத்தில் அதன் உயிர்நாடி வீட்டு டெலிபோன். எஸ்.டி.டி. பேச்சுக்கு நிமிடக் கணக்கில் வசூல். செல்போன் வந்து அதைத் தின்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து பேச்சையே இலவசமாக்கியது. செல்போன் வருமானமும் சரிந்தது. போட்டியாளர்கள் 4ஜி விற்றுக் கொண்டிருக்க, அரசு நிறுவனத்துக்கு அந்த அலைக்கற்றையை ஒதுக்க மத்திய அரசு முடிவு செய்ததோ 2019 அக்டோபரில்! கையையும் காலையும் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, நீந்தவில்லை என்று பழித்தார்கள். பழி ஊழியர் தலையில் விழுந்தது. 2020 ஜனவரி 31-ல் 78 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் "விருப்ப" ஓய்வில் வெளியேறினர். விருப்பமாம்! சம்பளச் செலவு ஏறத்தாழப் பாதியாயிற்று.

லாபம் வந்த அந்த மூன்று மாதங்களில், வீடுகளுக்கான கண்ணாடி இழை இணைப்பின் வருமானம் முந்திய ஆண்டைவிட 18 சதவிகிதம் உயர்ந்தது. செல்போன் வருமானம் 15 சதவிகிதம். ஆனால் பல ஊர்களில் அந்த இழையை வீட்டுக்குள் கொண்டுவருவது வருமானத்தில் பங்கு பெறும் தனியார்தான். கம்பம் ஏறுகிறவன் அவர்களுடைய ஆள். அவன் கூலி என்ன, வைப்பு நிதி உண்டா, விழுந்தால் யார் பொறுப்பு? டெல்லி இதற்குப் பதில் சொல்லட்டும்.