வாஷிங் மெஷின் இடம் மாறுது. சோப்புத் தண்ணி எங்கே போகுது?

பாத்ரூமில் இடம் இல்லை. வாஷிங் மெஷினைப் பால்கனிக்குத் தள்ளிவிடுகிறார்கள். சென்னை மாடி வீடுகளில் இது சகஜம்.

பிளம்பர் வருகிறார். பாத்ரூம் குழாயிலிருந்து ஒரு பைப்பை இழுக்கிறார். தண்ணீர் வந்துவிட்டது! "வெளியே போற தண்ணிக்கு என்னப்பா வழி?" என்று கேட்டால், "அதோ மழைத்தண்ணி பைப் இருக்கே சார், அதுல சொருகிடலாம்" என்கிறார்.

இங்கேதான் வினை! தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் மொட்டை மாடிக் குழாய் நேராகக் கிணற்றுக்கோ, உறிஞ்சு குழிக்கோ போகிறது. மழைக்காக வெட்டிய குழியில் தினமும் சோப்புத் தண்ணி! அதே கிணற்றிலிருந்துதான் மோட்டார் போட்டு மேல் தொட்டிக்கு ஏற்றுகிறோம். குழி இல்லாத வீடு என்றால், அழுக்கு தெருவின் மழைநீர்க் கால்வாயில் இறங்குகிறது. அங்கிருந்து கூவம், அடையாறுதான்.

வரும் தண்ணியிலும் உஷார் வேண்டும். குழாய்க்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால்தான் ஒரு 'பார்' அழுத்தம். தொட்டிக்கு நேர் கீழ் மாடியில் அதில் பாதிகூட வராது. மெஷின் நிரம்பாமல் திணறும். இடம் மாற்றுமுன் இதைப் பார்க்க வேண்டாமா?

மெஷினுக்குத் தனி வால்வு வையுங்கள். துவைத்ததும் மூடுங்கள். ராத்திரியில் டியூப் பிடுங்கிக்கொண்டால் கீழ்வீட்டுக்காரர் தலையில் அருவி!

பிளம்பரிடம் கறாராகச் சொல்லுங்கள்: கழிவுத் தண்ணி சாக்கடைக் குழாய்க்கே போகணும். கூடுதல் செலவு சில அடி பைப்தான். கிணற்றைக் கெடுப்பதைவிட அது மலிவு!