வரப்போரத்துச் செம்புள்ளி அந்து

அந்துப்பூச்சி என்றால் இரவில் விளக்கைச் சுற்றும் மங்கல் நிறத்துப் பிராணி என்றே எண்ணிப் பழகிய நமக்கு, நட்டநடு வெயிலில் கிலுகிலுப்பைச் செடியிலிருந்து கிளம்பி, முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் நாலடி பறந்து, புல்தண்டொன்றில் இறக்கைகளை உடம்போடு ஒடுக்கி ஒட்டிக்கொள்ளும் ஜீவனும் அந்த இனமே என்பது ஆச்சரியமாகத் தோன்றக்கூடும். வெண்ணிற முன்னிறக்கையெங்கும் குங்குமத்தையும் மையையும் மாறிமாறித் தொட்டு வைத்தாற்போன்ற புள்ளிகள். விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். 1758இல் லின்னேயஸ் பெயரிட்டு வர்ணித்த இவ்வினம், ஆப்பிரிக்காவிலும் தென் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் நம் தேசத்திலும் பரவியிருக்கிறது. சில ஆண்டுகளில் கடல் கடந்து இங்கிலாந்து வரையிலும் போய்விடுகிறது.

இதன் புழு உண்பது கிலுகிலுப்பை, சணப்பு, தேள்கொடுக்கு முதலிய செடிகளை. ஆடுமாடுகளின் ஈரலைக் கெடுக்கும் விஷம் அவற்றில் உண்டு. அந்த விஷத்தைச் சேர்த்து வைத்துத் தனக்கே கவசமாக்கிக்கொள்ளும் சாமர்த்தியம் இந்தப் புழுவுக்கு வாய்த்திருக்கிறது. இதன் அமெரிக்கச் சகோதர இனத்தை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஐஸ்னர், வலையில் விழுந்த அந்துவைச் சிலந்தியே இழைகளை அறுத்து விடுவித்துவிடுவதைக் கண்டார். அவ்வினத்தில் ஆண் தன் விஷத்தில் ஒரு பங்கைப் பெண்ணுக்கு அளிக்க, பெண் அதை முட்டைகளுக்கு ஊட்டுகிறது. பிறவாத சந்ததிக்குத் தந்தையும் தாயும் சேர்ந்து வைக்கும் ஆஸ்தி அது.

இத்தகைய உயிரைத் தாங்கும் செடிகளையே 'களை' என்ற ஒரே காரணத்துக்காக, பயிருக்குள் நிற்பதா வெளியில் நிற்பதா என்றுகூடப் பாராமல், வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சாலையோரத்திலும் களைக்கொல்லி தெளித்துக் கருக்கிவிடும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். சணப்பை விதைக்காக வளர்ப்பவர், காயைத் துளைத்து உள்ளே தலையை நுழைத்துத் தின்னும் புழுவைக் கண்டு கவலைப்படுவது நியாயமே. அவர் தம் பயிரைக் காத்துக்கொள்ளட்டும். ஆனால் பசுந்தாள் உரத்துக்காகப் பூக்கும் பருவத்திலேயே மடக்கி உழுபவருக்குக் காய்ப்புழுவால் என்ன நஷ்டம்? ஒருவர் பயிருமல்லாத வாய்க்கால் கரைக்கு விஷமருந்து எதற்கு? நடமாட்டத்துக்கு இடைஞ்சலானால் அரிவாளால் அறுக்கலாம். அதையும் காய் முற்றி விதை சிந்திய பிறகு, இம்முறை ஒரு கரை, அடுத்த முறை மறு கரை என்று செய்தால், பாதையும் திறந்திருக்கும், புழுவுக்கு இரையும் மிஞ்சும். ஊராட்சிகளும் நெடுஞ்சாலைப் பணியாளரும் இந்த மழைக்காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.