ஊருக்குப் போகும் உரிமை

2020 மே 5. கட்டுமான நிறுவன அதிபர்கள் பெங்களூரில் முதல்வர் எடியூரப்பாவைச் சந்தித்தார்கள். அன்றே தென்மேற்கு ரயில்வேக்குக் கர்நாடக அரசின் கடிதம் போயிற்று: நாளை முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் தேவையில்லை. ஊரடங்கில் வேலையும் கூலியும் போய், பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் போகப் பெயர் கொடுத்துக் காத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வேலைகள் மீண்டும் தொடங்கிவிட்டன, அவசியமின்றி ஊருக்குப் போக வேண்டாம் என்றது அரசு. சிமென்டும் கம்பியும் போல ஆட்களையும் இருப்பு வைக்கலாம் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

தொழிற்சங்கங்களும் வழக்கறிஞர்களும் விடவில்லை. கண்டனம் நாடெங்கும் கிளம்பியது. இரண்டே நாளில் அரசு பின்வாங்கியது. மே 8 முதல் மறுபடி ரயில்கள்.

எதிர்த்தவர்கள் கையில் இருந்தது பழைய ஆயுதம்தான். அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு ஆள் கடத்தலையும் கட்டாய உழைப்பையும் ஒரே வாக்கியத்தில் தடை செய்கிறது. 1982ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி அதை இன்னும் விரித்தார். அடி உதை இருக்க வேண்டியதில்லை. வறுமையின் நெருக்கடியில் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் கட்டாய உழைப்பே என்றார்.

இந்தத் துறையில் இறங்குகிறவர்களுக்கு அதிரடி மீட்பு எப்போதோதான். அன்றாட வேலை, கேட்டு எழுதுவது. முன்பணம் எவ்வளவு? கொடுத்த மேஸ்திரி யார்? கூலியில் எவ்வளவு பிடித்தான்? ஆதார் அட்டை யாரிடம்? பதில்களை வைத்து அதிகாரியிடம் விடுவிப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். 1976ன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. வாங்கியவருக்குத்தான் அது தெரியாது.

ரயிலை நிறுத்திய அரசு மறந்த சட்டம் ஒன்றும் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளரை அழைத்துவரும் காண்ட்ராக்டர், ஊர் திரும்பும் பயணப் படியையும் தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டாயிற்று. பயண நாட்களுக்குக் கூலியும் உண்டு. கொடுத்தவர்களைத் தேடத்தான் வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. காண்ட்ராக்டர் இல்லாமல் தானாக வந்தவரும் இனி வெளிமாநிலத் தொழிலாளர்தான். இது நல்ல மாற்றம். ஆனால் முன்பு ஐந்து பேர் இருந்தாலே பொருந்திய விதிகளுக்கு இப்போது பத்துப் பேர் தேவை. ஏழெட்டுப் பேரை வைத்து வீடு கட்டும் மேஸ்திரிகள் பெங்களூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.