திருவிழாவும் ஒரு பள்ளியே!



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பிரேசில் நாட்டுக் கார்னிவல் விழாவின் படங்கள் சிலவற்றைக் காட்டினேன். மறுநாளே ஒரு பெற்றோர் அழைத்தார். "இந்த அரைகுறை ஆடை ஆட்டத்தையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, டீச்சர்?" என்றார். ஆசிரியர் அறையிலும் சிலர் அவர் பக்கமே நின்றனர். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை.

தொலைக்காட்சியில் நாம் காண்பது அவ்விழாவின் தோலை மட்டுமே. கிறிஸ்துவர்களின் தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்கும். அதற்கு முந்தைய நாள்களில் நீரையும் மாவையும் வாரி இறைத்து விளையாடும் வழக்கத்தைப் போர்த்துக்கீசியர் பிரேசிலுக்குக் கொண்டு சென்றனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களே அவ்விழாவுக்குத் தாளமும் உயிரும் தந்தனர். அடிமைமுறை 1888இல்தான் அங்கு ஒழிந்தது. அதன் பின்னரும் சம்பா இசைத்தோரைக் காவல்துறை விரட்டியது.

1928இல் ரியோ நகரின் எஸ்டாசியோ பகுதியில் 'டெய்ஷா ஃபலார்' என்னும் குழு தோன்றியது. 'பேசுவோர் பேசட்டும்' என்பது அதன் பொருள். அக்குழுவினர் தம்மைச் 'சம்பா பள்ளி' என்று அழைத்துக்கொண்டனர். ஏன் தெரியுமா? அருகில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்ததாம். அங்கிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள் என்றால், நாங்களும் சம்பாவின் ஆசிரியர்களே என்ற எண்ணத்தில் அப்பெயர் பிறந்ததாக, நிறுவனருள் ஒருவரான இஸ்மாயெல் சில்வா பின்னாளில் விளக்கினார். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றவள் என்ற முறையில், இதைப் படித்தபோது என் மெய் சிலிர்த்தது.

அது வெறும் பெயரன்று. ஒவ்வொரு சம்பா பள்ளியும் ஆண்டுதோறும் ஒரு கருப்பொருளைத் தேர்ந்து, பாடல், ஆடை, அலங்கார ஊர்தி அனைத்தையும் அதற்கேற்பப் பல மாதங்கள் உழைத்து உருவாக்குகிறது. 'பாயானா' எனப்படும் மூத்த பெண்களின் அணி இன்றி எப்பள்ளியும் போட்டியில் இறங்க இயலாது. 2019இல் வாகை சூடிய மங்கெய்ரா பள்ளி, பாடநூல்கள் மறந்த பூர்வகுடியினரையும் கறுப்பினத்தவரையும் கருப்பொருளாக்கியது. 2018இல் சுட்டுக் கொல்லப்பட்ட நகர மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிராங்கோவையும் போற்றியது. வரலாற்றுப் பாடத்தை இதைவிட வலிமையாக நம்மில் எவர் நடத்திவிட்டோம்?

குறைகள் இல்லையா? உண்டு. குடி உண்டு. சட்டவிரோதச் சூதாட்டக்காரர்களின் பணம் சில பள்ளிகளில் புழங்கியதும் உண்டு. எல்லாப் படங்களும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஏற்றவை அல்ல. தேர்ந்தெடுத்துக் காட்டுவது ஆசிரியரின் கடமை. ஒரு மக்களின் வாழ்வையே மூடி மறைப்பது கடமையன்று.

தைப்பூசத்தில் அலகு குத்துவதை மட்டும் படமெடுத்துச் சென்று, நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று ஒருவர் எழுதினால் நம் நெஞ்சு கொதிக்காதா? அந்த நியாயத்தைப் பிறருக்கும் வழங்குவோம். பிறர் விழாவை ஏளனம் செய்யப் பழகிய பிள்ளை, நாளை தன் விழாவையும் மதிக்காது.

அடுத்த வாரமும் அப்படங்களைக் காட்டுவேன். அந்தப் பெற்றோரையும் வகுப்புக்கு அழைத்திருக்கிறேன்.