நாவோடு முடிவதா மதுரை?

தூங்கா நகரம் எனப் பெயர் பெற்றது நம் மதுரை. வெளியூர் விருந்தினர் வந்தால், ஒரு குவளை ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து, "மதுரையைச் சுற்றிக் காட்டியாயிற்று" என்று அனுப்பிவிடுகிறோம். இது போதுமா?

சுவைக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என மாதங்களின் பெயர் தாங்கிய தெருக்களில் அவர்களை நடத்தியே அழைத்துச் செல்வோம். சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் பருத்திப்பாலைச் சூடாகப் பருகச் செய்வோம்.

அப்படியே சுங்குடிச் சேலையையும் காட்டுவோம். துணியில் நூலால் சிறு சிறு முடிச்சுகள் இட்டு, சாயத்தில் தோய்த்து, முடிச்சை அவிழ்த்தால் மலரும் புள்ளிகளே சுங்குடி. சௌராஷ்டிர மக்கள் வளர்த்த இக்கலைக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் புள்ளிகளை அச்சிட்ட சேலைகளும் அதே பெயரில் மலிவாக விற்கின்றன. எல்லோரும் அவற்றையே வாங்கினால், முடிச்சுப் போடும் பெண்களின் விரல்களுக்கு வேலை ஏது?

ஜிகர்தண்டாவுக்குப் பேரம் பேசாத நாம், அந்த முடிச்சுகளுக்கு மட்டும் பேரம் பேசலாமா? நாவின் சுவைக்குத் தரும் மதிப்பைக் கைத்திறனுக்கும் தருவோம். மதுரையை முழுமையாக அனுபவிக்கும் வழி அதுவே என்பது எங்கள் கருத்து.